திருத்தப்படாத காது

தான் வரைவதில்லை, கடவுள்தான் வரைகிறார் என்று ஓவியர் எல்லா மேடைகளிலும் சொல்வார். கையெழுத்து மட்டும் அவருடையது. அது கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். எண்ணெய் வண்ணம் பொறுமையைக் கற்பிக்கிறது, ஒரு பூச்சு காயும்வரை காத்திருப்பதே பிரார்த்தனை என்றும் சொல்வார்.

இளம் கலைஞர்களை அவர் வளர்க்கும் முறை எளிது. "சின்னத் திருத்தம்" என்று தூரிகையை வாங்கிக்கொள்வார். மாணவர் கண்காட்சியில் எல்லாப் படங்களும் அவர் வரைந்தவை போலவே இருக்கும். ஊர் பாராட்டும், அவர் தன்னடக்கத்தோடு ஏற்றுக்கொள்வார்.

அக்கா மகள் அவரிடம் கற்க வந்து ஒரே ஒரு படம்தான் வரைந்தாள். தையல்காரியான அம்மா, மெஷின்முன் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் முகம். ஈரம்கூடக் காயவில்லை. "அம்மான்னா ஒரு தெய்வீகம் வேணாமா?" என்று மாமா தூரிகையை வாங்கினார். கன்னத்தில் ஒளி ஏறியது, மூக்கு நேரானது, கண்கள் வானத்தைப் பார்த்தன. அவள் தூரிகையைத் திரும்பக் கேட்கவே இல்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா இறந்த பிறகு அவள் அந்தப் படத்தோடு வந்தாள்.

"போட்டோவுல எல்லாம் அம்மா விறைப்பா நிக்கிறாங்க மாமா. நான் வரைஞ்சதுலதான் வீட்ல இருக்கற மாதிரி இருந்தாங்க. நீங்க மேல போட்டத எடுத்துட முடியுமா?"

"இதென்னம்மா பெரிய விஷயம்!"

பஞ்சில் கரைப்பானைத் தொட்டுக் கன்னத்தில் துடைத்தார். ஒளி பஞ்சோடு வந்தது. கூடவே அவள் தீட்டிய கன்னமும் வந்தது. அடியில் வெறும் துணி. நெற்றியிலும் அப்படியே.

"ரெண்டும் ஒண்ணாக் காஞ்சிருக்கு. உன்னோடது காஞ்சப்புறம் போட்டிருந்தா, என்னோடது மட்டும் தனியா வந்திருக்கும்."

டீ கொண்டுவந்த அவர் மனைவி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பொறுமையப் பத்திப் பேசறவரு, நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"புதுசா வரைஞ்சு தரேன். எங்க அக்கா மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்று கரித்துண்டை எடுத்தார். மூக்கு நேராக வந்தது. அழித்தார். மறுபடியும் நேராக வந்தது. அக்கா மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? கண்ணை மூடிப் பார்த்தார். அங்கேயும் அக்கா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க மாமா. நீங்க வரைஞ்சா ரொம்ப நல்லா இருக்கும். அம்மா மாதிரி இருக்காது."

குத்தலாகச் சொல்லியிருந்தால் அவர் கோபித்துக்கொண்டிருக்கலாம். அவளுக்கு அந்த உதவியைச் செய்யத் தோன்றவில்லை.

படத்தின் ஓரமாகக் குனிந்தவள், "இது என்னோடது" என்றாள்.

ஒரு காது. அதன்மேல் செருகிய துண்டுப் பென்சில். தெய்வீகத்துக்குப் பென்சில் எதற்கு என்று அன்று அதையும் எடுக்கத்தான் இருந்தார். அதற்குள் கூட்டத்துக்கு அழைத்துப்போகக் கார் வந்துவிட்டது. இளம் கலைஞர்களை வளர்ப்பது பற்றிப் பேச்சு. நல்ல கைதட்டல்.

"கத்தரிக்கோல் இருக்கா அத்தை?"

சட்டத்திலிருந்து துணியைக் கழற்றி, காதைச் சுற்றி வெட்டினாள். வெட்டு கொஞ்சம் கோணலாகப் போனது. திருத்த நீண்ட கையை ஓவியர் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.