முதுகுப் பக்கம்

கடையில் மூன்றாவது இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிப் பார்த்துவிட்டு மகள் மேசைமேல் வைத்தாள். அதுவும் கனம்தான். கை முறிந்து கட்டுப் போட்டதிலிருந்து அம்மாவால் வலது கையில் அரை வாளி தண்ணீர்கூடத் தூக்க முடிவதில்லை.

அப்பா நேற்று தான் மூட்டை சுமக்கும் கிட்டங்கியில் முதுகில் மூட்டையோடு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குள் உடுப்பு கொண்டுவரச் சொல்லிப் பிணவறையிலிருந்து தகவல் வந்திருந்தது. நல்ல சட்டை என்று அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைப் பருத்திச் சட்டை. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்து சுருக்கம் சுருக்கமாகக் கசங்கியிருந்தது. வீட்டிலிருந்த பழைய இஸ்திரிப் பெட்டியோ சொருகியதும் பட்டென்று வெடித்து, கரண்டையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

அம்மா அழவில்லை. "கசங்கின சட்டையோட அவரை அனுப்ப மாட்டேன். ஓடிப் போய் வேற இஸ்திரிப் பெட்டி வாங்கிட்டு வா" என்றாள். புதுப் பெட்டி வேண்டுமென்று அவள் கேட்டபோதெல்லாம், "மூட்டைக்கு எதுக்குடி மடிப்பு?" என்று சிரித்தே தட்டிக் கழித்தவர் அப்பா.

"வீட்டு யூசுக்குத்தானேக்கா? தினம் எத்தனை துணி தேய்ப்பீங்க?" என்று கடைக்காரன் கேட்டான்.

"ஒண்ணு."

"தினம் ஒண்ணா?"

"மொத்தமே ஒண்ணு."

"ஒத்தச் சட்டைக்கு ஸ்டீம் அயர்னா! மாப்பிள்ளை சட்டையா?"

"எங்கப்பாவோடது. போட்டு அனுப்பணும்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. குனிந்து கீழ்த்தட்டிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்தான்.

"இது கையை இழுக்காதுக்கா. தொட்டி சின்னது, அடிக்கடி தண்ணி ஊத்தணும். மூக்கு கூர்மை, பட்டன் இடுக்குல போகும். முடிஞ்சதும் மிச்சத் தண்ணியைக் கொட்டிடுங்க. இல்லேன்னா உள்ள துரு பிடிச்சு, அடுத்த துணியில கறை கக்கும்."

கடைப் படியிறங்கும்போது பிணவறை ஊழியர் போன் செய்தார். சட்டையைத் தேய்த்து எடுத்து வருவதாகச் சொன்னாள்.

"சட்டைக்கு முன்பக்கமும் காலரும் தேச்சா போதும்மா. முதுகுப் பக்கம் வெட்டித்தான் மாட்டுவோம். கை மடங்காது, பாரு."

"சரிண்ணே" என்றாள்.

வீட்டில் கரண்ட் திரும்பியிருந்தது. அம்மா மேசைமேல் போர்வையை நாலாக மடித்து விரித்து வைத்திருந்தாள். பெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, லேசா இருக்கு." உடனே முகம் சுருங்கியது. "இனிமே யாருக்குத் தேய்க்க?"

"ஏன், நீ வேலைக்குப் போகலியா? ஒன் கோட்டு இல்லையா?"

அம்மா காலரில் தொடங்கினாள். ஆவி புஸ்ஸென்று சீறியது. பட்டன் இடுக்குகளில் மூக்கை விட்டு நெளித்தாள். கை வலித்தபோது இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். முன்பக்கம் முடிந்து சட்டையைப் புரட்டினாள்.

"அம்மா, முன்பக்கம் மட்டும் போதுமாம்."

"யார் சொன்னா?"

"அங்க இருக்கிறவர்."

"ஏனாம்?"

மகள் பெட்டியின் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வெட்டுவாங்களா?"

மகள் தலையசைத்தாள்.

"வெட்டட்டும்." அம்மா சட்டையின் முதுகை உள்ளங்கையால் நீவி விரித்தாள். "இந்த முதுகு தூக்கிப் போட்ட சோறுதான்டி நாம தின்னது."

தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்தாள். தொட்டி வற்றியது. மகள் தண்ணீர் ஊற்றினாள்; அம்மா மறுபடியும் தேய்த்தாள். சட்டையை ஹேங்கரில் மாட்டியதும், "சூடு வீணாப் போகுது" என்று கொடியிலிருந்து தன் நீலக் கோட்டை இழுத்துப் போட்டாள். ஆபீஸ் கூட்டித் துடைக்கப் போகும்போது போடுவது. அதையும் முடித்து, பெட்டியைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைச் சொட்டுவரை வடித்தாள்.

பஸ்ஸில் ஏகக் கூட்டம். மகள் பையை விரித்து, "மடிச்சு இதுல வைம்மா" என்றாள்.

"கசங்கும்."

நோகிற கையாலேயே ஹேங்கரை எல்லார் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு அம்மா நின்றாள். மகள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை.