பக்கத்துக் கல்லறையின் கோரை

அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்த்து வாங்க முடியாது. செத்த வரிசையில்தான் குழி. பணக்காரர், ஏழை என்ற பேச்சே கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தையல்காரியைத் தவிர மற்றவர்களுக்கு.

அவள் மகன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். குடித்துவிட்டு வந்த வேன் டிரைவர் அவனை அடித்துத் தூக்கி, தானும் மரத்தில் மோதிச் செத்தான். ஒரே மாலை, ஒரே சபை. அதனால் அடுத்தடுத்த குழி. கொன்றவனும் செத்தவனும் அண்ணன் தம்பிபோலப் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். ஒரு தாய்க்கு வயிறெரிய இதைவிட என்ன வேண்டும்?

ஞாயிறு ஆராதனையில் பரமண்டல ஜெபத்தை எல்லோரையும்விட உரக்கச் சொல்வாள். பிறர் குற்றத்தை மன்னிக்கும் வரி வந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். "பொய் சொல்லி ஜெபிக்க எனக்கு வராது" என்பாள். மனதைத் தோட்டம்போலப் பண்படுத்தச் சொல்லிப் போதகர் பிரசங்கித்த அன்று, ஆலய வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். "என் மனசு மேல ஒருத்தன் வேனை ஏத்திட்டுப் போயிட்டான் ஐயா. அதுல என்னத்தை விதைக்க?" போதகர் நல்ல மனிதர். அன்றிலிருந்து அவளைக் கண்டால் தெருவை மாற்றிவிடுவார்.

ஆராதனை முடிந்தால் நேரே மகனிடம் போவாள். கல்லறையைச் சுற்றிச் செங்கல் பதித்து, உள்ளே செவ்வந்தி வைத்திருந்தாள். செடியைக் கோரை தலையெடுக்க விடவில்லை. பிடுங்கினால் மேல்புல்தான் கையோடு வரும்; கிழங்கு அடியில் குந்தியிருந்து அடுத்த வாரம் பல்லிளிக்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இல்லை. டிரைவரின் மேடு முழுக்கக் கோரைக் காடு. அங்கே கை வைக்க ஆளில்லை.

ஏன் ஆளில்லை என்பதும் தெரியும். அடக்கம் முடிந்த மறுவாரம் டிரைவரின் மனைவி மெழுகுவர்த்தியோடு வந்தாள். "இந்தப் பக்கம் தலை காட்டினே, கல்லறைன்னுகூடப் பார்க்காம உன் புருஷனைத் தோண்டி வெளிய போட்டுடுவேன்" என்று தையல்காரி கத்தினாள். போனவள் அதன்பிறகு ஆலயத்துக்கும் வரவில்லை.

ஒரு ஞாயிறு மாலை மழை விட்டு மண் இளகியிருந்தது. கடைசிச் செவ்வந்தியும் வாடிக் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே கோபம்! களைக்கொத்தோடு செங்கல் வரிசையைத் தாண்டி டிரைவரின் மேட்டிலேயே மண்டியிட்டாள். "உயிரோட இருந்தும் கெடுத்தே, செத்தும் கெடுக்கிறே" என்று திட்டிக்கொண்டே கொத்தினாள். இரக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, மகனுக்காகத்தான். கிழங்கைத் தேடி முழங்கைவரை மண்ணுக்குள் விட்டாள்.

"அக்கா!"

டிரைவரின் மனைவி. இளைத்துக் கருத்து ஆளே மாறியிருந்தாள். ஓடி வந்து சேற்றில் விழுந்து, தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோண்டாதீங்கக்கா. அவர் செஞ்சது பாவம்தான். என்னை வேணா அடிங்க. நான் உள்ள வரலையே, கேட்டுக்கு வெளிய நின்னு பார்த்துட்டுத்தானே போறேன். அவரை வெளிய எடுத்துப் போட்டுடாதீங்க."

தையல்காரிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது களைக்கொத்தைக் கீழே வைத்தாள். ஆத்திரத்தில் கொட்டிய வார்த்தையை இவள் இத்தனை நாளும் வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். பிணத்தைத் தோண்டி எறியக்கூடியவள் என்று தன்னை ஒருத்தி நம்பியிருக்கிறாள். நம்பும்படிதான் நடந்துகொண்டோம் என்று நினைக்க உடம்பே கூசியது.

"களைதான் எடுக்கிறேன்" என்றாள். "உன் புருஷனைத் தொடலை."

மற்றவள் கோரைக் குவியலைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தையல்காரி அவளை அணைத்துக்கொள்ளவில்லை, தேற்றவும் இல்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

"அந்தப் பக்கத்துல இருந்து எடு. கிழங்கை விட்டுடாதே."

வெளிச்சம் மங்கும்வரை இருவரும் தோண்டினார்கள். எழுந்திருக்கும்போது அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அடுத்த வாரமும் வரலாமாக்கா?"

தையல்காரி மகனின் மேட்டைப் பார்த்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. பொய் சொல்லவும் அவளுக்கு வராது.

"வா. கோரை ஒரே நாள்ல போயிடாது."