மூடி வைத்த பாத்தி

வலது முழங்காலில் இருந்த மண் போய்விட்டது. இடது முழங்காலில் இருந்தது போகவில்லை. அவள் துணியை நனைத்துப் பிழிந்து மறுபடியும் தேய்த்தாள். கணவரின் தோல் சிவந்துவிடுமோ என்று சட்டென்று கையை எடுத்தாள். சிவக்கவில்லை. இனிமேல் சிவக்காது. அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"விடுங்கம்மா. மேல போர்த்திட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் மாடி வீட்டுக்காரி.

"எனக்குத் தெரியும்ல."

கூடத்தில் மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சுவர்கூட வேர்த்திருந்தது. கோடை முடியப்போகும் இந்த நாட்களில் மதியமானால் மேகம் திரளும், காற்று அடிக்கும், பெய்யாமலே போய்விடும். ஈரம் மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

கணவரின் தம்பி சுவரோரம் உட்கார்ந்து வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அண்ணன் கொடுத்து வெச்சவரு. ரிட்டயர் ஆனதுலேருந்து செடி கொடின்னே கெடந்தாரு. அதுங்க நடுவுலயே போய்ச் சேர்ந்துட்டாரு. யாருக்குக் கெடைக்கும்?"

"செடி எங்கே இருந்துச்சு?" அவள் நிமிராமலே கேட்டாள்.

"இல்ல அண்ணி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒரு புல்லுகூட இல்ல. வெறும் மண்ணு. வெறும் மண்ணுக்காகச் செத்தாரு உங்கண்ணன்."

அது உண்மைதான். இந்த ஊர்க் கோடையில் தக்காளி பூக்கும், பூத்த வேகத்தில் உதிரும். மழைக்காலத்தில் வேர் அழுகும். மழை ஓய்ந்த பிறகு நட்டால்தான் காய்க்கும். போன வருஷம் அதுவும் வாடிச் செத்தபோது, மண்ணிலேயே நோய் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அதனால் இந்தக் கோடையில் பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டால் இழுத்து மூடி, ஓரமெல்லாம் மண்ணால் அடைத்து, மேலே செங்கல் வைத்தார். வெயில் உள்ளே புகுந்து மண்ணை வேகவைக்கும். புழு, பூஞ்சை, களை விதை எல்லாம் செத்துப்போகும் என்றார். ஓரத்தில் ஓர் இடம் திறந்தாலும் சூடு இறங்கிவிடும். அதற்காக அந்தப் பாத்தியைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரோடு லிப்ட் கம்பெனியில் வேலை பார்த்த நண்பர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "நாங்க இவரை 'வானிலை'ன்னுதான் கூப்பிடுவோம். இன்னிக்கு மழை வராதுன்னு இவர் சொன்னா, மொத்த ஒர்க்ஷாப்பும் குடையைக் கையில எடுத்துக்கும்."

கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"டேய்," என்று மகனைக் கூப்பிட்டாள். "நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லு. பின்னாடி பூரா சிமெண்ட் போட்டு மூடணும். மண்ணே என் கண்ணுல படக்கூடாது."

"சரிம்மா."

"சரிங்காதே. செய்."

அவருக்குப் போடவேண்டிய சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அதை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அவளுடைய தையல் மெஷின் ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தோட்டத்துச் சுவர். ஊசியில் நூல் கோத்தாள். சுவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நேற்று முற்பகலில் காற்று ஷீட்டின் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டது.

"காத்து புகுந்துடுச்சு. அடைச்சுட்டு வந்துடறேன்."

"சாயங்காலம் அடைச்சா மண்ணு எழுந்து ஓடிடுமா? வெயில்ல போகாதீங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"சூடு இறங்கிட்டா இத்தனை நாள் வெந்தது வீணாப் போயிடும்."

"அப்போ நீங்களும் சேர்ந்து வேகுங்க."

அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியே பார்த்தாள். சுவரில் சாய்ந்து, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ரோஷம் வந்தால் அப்படித்தான் உட்காருவார். போய்க் கூப்பிட்டால்தான் எழுந்து வருவார். எல்லா தடவையும் நானேவா கூப்பிட வேண்டும் என்று மெஷினை மிதித்தாள். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடித்தாள். கையையும் வைத்து முடித்தாள். பிறகுதான் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போனாள்.

எல்லாரிடமும், "சாப்பிடக் கூப்பிடப் போனேன், அப்பத்தான் பாத்தேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

வெளியே செங்கல் விழுந்த சத்தம் கேட்டது. மகனும் கணவரின் தம்பியும் பாத்தியருகே நின்றார்கள். ஷீட்டின் ஒரு பக்கத்துச் செங்கல்களை மகன் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

சட்டையை மெஷின் மேல் போட்டுவிட்டு ஓடினாள். "வைடா கீழே!"

மகன் திடுக்கிட்டு நின்றான். "மழை வருதும்மா. வாசல்ல உக்காந்திருக்கவங்களுக்கு மேல கட்டலாம்னு..."

"ஷீட் சும்மாதானே கெடக்கு அண்ணி," என்றார் தம்பி. "நீங்கதானே சிமெண்ட் போடச் சொன்னீங்க?"

"சும்மா கெடக்கா? ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்து மூடியிருக்கான், சும்மா கெடக்குதுங்கறீங்க!" அவளுக்கே தெரியாத குரல் அது. "சிமெண்ட் நான் போடுவேன், போடாம இருப்பேன். யாரும் கை வைக்கக் கூடாது. நனைஞ்சா உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க."

மகன் செங்கல்களை எடுத்த இடத்திலேயே வைத்தான். முதல் துளிகள் ஷீட்டின் மேல் படபடவென்று விழுந்தன. வாசலில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். இருவரும் உள்ளே ஓடினார்கள்.

அவள் சுவரோர மூலைக்குப் போனாள். அங்கே மண்வெட்டி கிடந்தது. அவர் ஓரத்தை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வந்த தடம் அப்படியே இருந்தது. மூலைக்கு ஒரு சாண் முன்னால் அது நின்றுவிட்டிருந்தது. அந்த ஒரு சாண் வாய் திறந்து கிடந்தது. மழைத்தண்ணீர் அதை நோக்கி ஓடி வந்தது.

"முடிக்காமலே உக்காந்திருக்கீங்க," என்றாள். "ஒரு குரல் கொடுத்தா என்னவாம்?"

மண்டியிட்டாள். ஷீட்டை இழுத்துப் பிடித்து, சேற்றை இரண்டு கையாலும் அள்ளி அடைத்தாள். அவர் அழுத்தியதைப் போலவே அழுத்தினாள். தண்ணீர் அறுத்துக்கொண்டு போக, மறுபடியும் அள்ளினாள். கடைசியில் செங்கல்லைத் தூக்கி வைத்தாள். தண்ணீர் செங்கல்லை முட்டி, திரும்பி, சுவரோரமாகப் போயிற்று.

"அம்மா," மகன் பின்வாசலில் நின்றான். "வண்டி வந்துடுச்சு."

அவள் எழுந்து உள்ளே போனாள். கூட்டம் வழிவிட்டது. மாடி வீட்டுக்காரி அவள் கையையும் நனைந்த புடவையையும் பார்த்து, ஓரத்தில் கிடந்த அந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"உங்க முழங்காலெல்லாம் மண்ணும்மா."

"இருக்கட்டும்," என்றாள் அவள். அவர் காலில் போர்வை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.