ஒன்பதாவது கட்டம்

காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் டப்பா அண்ணன் செய்கிற முதல் வேலை, அன்றைக்குத் தேவையான பத்துப் படிவங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒன்பதாவது கட்டத்தில் டிக் போடுவது. 'மாதிரி எடுத்த முப்பது நிமிடத்துக்குள் உறைபெட்டியில் வைக்கப்பட்டது' என்று அந்தக் கட்டத்துக்கு எதிரே அச்சடித்திருக்கும். மாதிரி கொடுக்க வேண்டிய ஆள் அப்போதுதான் பல் துலக்கிக்கொண்டிருப்பார்.

"என்னண்ணே, டப்பாவே இன்னும் வரல, அதுக்குள்ள டிக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள், அங்கே கணினி வேலை பார்க்கும் பெண்.

"அட போம்மா. வேலை மும்முரத்துல மறந்துட்டா மேடம் என் தலையை உருட்டுவாங்க."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மலம் நிரம்பிய சின்னச் சின்ன டப்பாக்களைச் சேகரித்து வருகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் தின்றதில் பங்கு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு ஏதேதோ வேதிப்பொருள்களை வெளியே விடுகின்றன. அந்தப் பொருள்களை இயந்திரத்தில் அளந்து, செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுத்து, யாருக்குக் குடல் அழற்சி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்ல வைப்பதுதான் அந்தக் குழுவின் ஆராய்ச்சி. குழுவின் தலைவி ஒரு பேராசிரியை. எல்லோருக்கும் மேடம்.

நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் கீழ்த்தளத்திலேயே மாதிரி கொடுத்தார்கள். உறைபெட்டி பக்கத்து அறையில். ஐந்து நிமிட வேலை. நோயாளிகளின் டப்பாக்களோ நாலாவது மாடி வார்டில், டாக்டர் சுற்றி வந்து முடிக்கும் வரை ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் காத்திருக்கும். டப்பா அண்ணன் கைக்கு வர மதியம் ஆகிவிடும். ஆரம்பத்திலேயே இதைப் போய்ச் சொன்னார்.

"மேடம், வார்டு டப்பா எல்லாம் நாலு மணி நேரம் வெளியிலயே கெடக்குது."

மேடம் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒன்பதாவது கட்டம் காலியா இருந்தா அந்த மாதிரியையே தூக்கிப் போடணும். அப்புறம் எண்ணிக்கைக்கு நான் எங்க போறது? படிவத்தை முழுசா நிரப்பிக் குடுங்க, அது போதும்."

போதும் என்று சொன்ன பிறகு இவருக்கு என்ன வந்தது? நிரப்பினார். இரண்டு வருடம் நிரப்பினார்.

நூறு பேரில் தொண்ணூற்றேழு பேரை இயந்திரம் சரியாகப் பிரித்துச் சொல்கிறது என்று தெரிந்த அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் இனிப்பு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியின் குடல் டாக்டர் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு அங்கே நாலு மாத வரிசை. இயந்திரம் 'அதிகம்' என்றவர்கள் வரிசையின் முன்னால், 'குறைவு' என்றவர்கள் பின்னால் என்று ஒழுங்குபடுத்தினார்.

அந்த வரிசையில்தான் டப்பா அண்ணனின் மனைவியும் இருந்தாள். எட்டு மாதமாக வயிற்று வலி. ரத்தமும் போனது. வளையல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். அவளுடைய டப்பாவை மட்டும் அவர் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து, ஸ்கூட்டரில் பறந்து வந்து, பன்னிரண்டே நிமிடத்தில் உறைபெட்டியில் வைத்தார். பெண்டாட்டிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

முடிவு வந்தது. 'நோய் வாய்ப்பு: மிகக் குறைவு.' அவள் பெயர் வரிசையின் கடைசிக்குப் போனது.

"குறைவாமா? அப்ப ராத்திரி பூரா பாத்ரூம்ல உக்காந்து நான் என்ன பாட்டா பாடுறேன்?" என்றாள் அவள்.

"மெஷின் தப்பா சொல்லாது. நூத்துக்குத் தொண்ணூத்தேழு."

"மிச்சம் மூணுல நான் இருக்கக் கூடாதா?"

டாக்டரிடம் மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் அவர் திரையைத்தான் பார்த்தார். "ரிப்போர்ட் நல்லா இருக்கேம்மா. பதட்டத்துலகூட வயிறு வலிக்கும். மனசைத் திடமா வச்சுக்கங்க."

"மனசு திடமாத்தான் சார் இருக்கு. வயிறுதான் இல்ல."

டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

பொறுக்க முடியாமல் டப்பா அண்ணன் கணினிப் பெண்ணிடம் போய் நின்றார். "இன்னொரு தரம் ஓட்டிப் பாரும்மா."

ஓட்டினாள். அதே முடிவு. "நோயாளிங்க எல்லாருக்கும் இந்த நாலு பொருள் எக்கச்சக்கமா ஏறியிருக்கும்ணே. அண்ணிக்கு ஏறவே இல்ல."

"அது எதனால ஏறும்?"

"நோயினாலதான். இல்லாட்டி, டப்பா ரொம்ப நேரம் வெளியில கெடந்தாலும் ஏறும். உள்ள இருக்கிற நுண்ணுயிருங்க சும்மாவா இருக்கும்? தின்னுக்கிட்டே இருக்கும். ஆனா நம்மகிட்ட அந்தப் பிரச்சினையே இல்லையே. எல்லாமே முப்பது நிமிஷத்துக்குள்ள. படிவத்துலயே இருக்கே."

கீழ்த்தள டப்பாக்கள் ஐந்தே நிமிடத்தில் பெட்டிக்குள் போனவை, வார்டு டப்பாக்கள் நாலு மணி நேரம் வெளியே கிடந்தவை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தொண்ணூற்றேழு மதிப்பெண் வாங்கிய அந்த இயந்திரம் இரண்டு வருடமாகக் கண்டுபிடித்தது நோயை இல்லை. எந்த டப்பா ஜன்னலில் காய்ந்தது என்பதை.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "நாளைக்கு இன்னொரு டப்பா குடு. ஜன்னல் ஓரத்துல நாலு மணி நேரம் வச்சிட்டு அப்புறம் குடுக்கிறேன். மெஷின் 'அதிகம்'னு சொல்லிடும். வரிசையில முன்னால வந்துடுவே."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். "அது எப்படி?"

டிக் போட்ட கதை முழுவதையும் சொன்னார். முடித்ததும் கேட்டாள்.

"என்னங்க, என் டப்பாவை மாதிரியே சீக்கிரமா பெட்டியில வச்சவங்க வேற யாராவது உண்டா?"

"இருப்பாங்க. வீட்டுலேர்ந்து வர்றவங்க எல்லாம் கீழயே குடுத்துடுவாங்க."

"அவங்களும் கடைசிக்குத்தானே போயிருப்பாங்க? அவங்களையும் பதட்டம்னுதானே அனுப்பியிருப்பாரு?"

"ஆமா" என்றார்.

"எனக்கு ஜன்னல்ல வைக்க நீங்க இருக்கீங்க. அவங்களுக்கு யார் இருக்கா?"

மறுநாள் காலை அவர் படிவங்களைப் பரப்பவில்லை. நேரே மேடத்தின் அறைக்குப் போனார். கணினிப் பெண்ணும் அங்கே இருந்தாள். சொல்லி முடிப்பதற்குள் மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு வருஷம்! ஆயிரத்துக்கு மேல மாதிரி! கட்டுரை அச்சுக்குப் போயாச்சு! ஏன் ஒரு வார்த்தை சொல்லல நீங்க?"

"சொன்னேன் மேடம். படிவத்தை முழுசா நிரப்பிக் குடுங்கன்னீங்க."

"அதுக்காக, நான் பொய் எழுதச் சொன்னேனா?"

"எழுதினது நான்தான் மேடம். என் கைதான். இல்லேங்கல."

கணினிப் பெண் மெல்லச் சொன்னாள். "அண்ணன் டிக் போட்டதை நான் பார்த்தேன் மேடம். சிரிச்சிட்டுப் போயிட்டேன்."

மேடம் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கோபப்பட ஆள் தேடினார். அறையில் இருந்த மூன்று பேரில் ஒருவரைக்கூட விட்டுவிட முடியவில்லை, தன்னையும் சேர்த்து. கடைசியில் டாக்டரைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். வரிசை பழையபடி ஆனது. மூன்றாவது வாரம் கேமரா பரிசோதனையில் டப்பா அண்ணன் மனைவியின் பெருங்குடல் முழுக்கப் புண் என்று தெரிந்தது. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

மருந்து ஆரம்பித்த மறுநாள், வார்டில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அன்றைய படிவத்தை எடுத்தார். வார்டு டப்பாக்கள் அன்றும் ஜன்னலில்தான் கிடந்தன. ஒன்பதாவது கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் எழுதினார்: 'வெளியே இருந்த நேரம், மூன்று மணி நேரம் ஐம்பது நிமிடம்.'

"இதைப் பார்த்தா திட்டுவாங்களே?" என்றாள்.

"திட்டட்டும்."

அவள் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நடக்காததை நடந்ததா எழுதுறது காகிதத்தோட போயிடும்னு எல்லாரும் நெனைக்கிறீங்க. அது போகாதுங்க. யாரோ ஒருத்தர் உடம்புல போய்த்தான் நிக்கும். இந்தத் தடவை என் உடம்புல நின்னதால உங்களுக்குத் தெரிஞ்சுது."