மோதலுக்கு முந்திய ஒளி

ஆய்வகத்தில் அவளுக்குத் தூசி மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். மூன்று வருடமாக அவள் பிழைப்பே தூசிதான். விண்கலம் ஒன்றைக் கொண்டுபோய் ஒரு சிறுகோளின் மேல் மோதவிட்டார்கள். மோதலுக்கு முன்னும் பின்னும் அந்தக் கல்லில் பட்டுத் திரும்பும் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. தூசியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரு பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக அதிரும். அந்தக் கொஞ்சத்தை அளந்தால் தூசியின் குணத்தைச் சொல்லிவிடலாம்.

மோதிய அன்றே அந்த அளவு சட்டென்று இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. உள்ளிருந்து புதுத்தூசி கிளம்பி மேலே படிந்துவிட்டது என்று கட்டுரை எழுதினாள். மோதலுக்கு முந்திய ஒளியை இந்த விதமாக அளந்து வைத்திருந்தது இவர்கள் தொலைநோக்கி ஒன்றுதான். கட்டுரை வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அடுத்த மாதம் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை நம்பி அவள் கணவன் தன் வேலையை விட்டுவிட்டு மகளோடு இங்கே வந்து சேர்ந்திருந்தான்.

கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்த நாட்களில் தொலைநோக்கியில் ஏதாவது மாறியதா? இல்லை என்று பராமரிப்பவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு பட்டறைக்குப் போனாள். தொலைநோக்கியைப் பராமரிக்கும் மெக்கானிக் அண்ணன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். கூடப்பிறக்காத குறைதான், அவள்மேல் அவ்வளவு பாசம்.

"அண்ணே, மோதுன வாரத்துல எதையும் தொடலைன்னு ஒரு வரி எழுதித் தாங்க."

"அதையெல்லாம் யாரு தொடப்போறா." துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கண்ணாடிய மட்டும்தான் கழுவினேன்."

"எந்தக் கண்ணாடி?"

"பெரிய கண்ணாடிதான். மோதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அன்னிக்கு மத்தியானம். ஒரே தூசி. நீ வேற மூணு ராத்திரியா மங்கலா இருக்குன்னு புலம்பிட்டு இருந்த. அனுமதி கேட்டா ரெண்டு மாசம் இழுத்தடிப்பாங்க. அதான் பதிவேட்டுல எழுதல. அப்புறம் எப்படிப் பளிச்சுன்னு இருந்துச்சு, பார்த்தியா?"

பார்த்தாள். வானம் தெளிந்துவிட்டது என்று குறித்தும் வைத்திருந்தாள்.

கண்ணாடியில் படிந்த தூசியும் ஒளியை அப்படித்தான் மாற்றும். அதைக் கண்டுபிடித்துக் கழிக்க வழி உண்டு. எந்தப் பக்கமும் கூடுதலாக அதிராத ஒளி தரும் விண்மீன் ஒன்றைத் தினமும் முதலில் அளந்துவிட வேண்டும். அதில் கோணல் தெரிந்தால் அது கண்ணாடியின் கோணல். மோதலுக்கு முந்திய மூன்று இரவும் மேகம் வந்துவந்து போனது. விண்மீனுக்கு உண்டான இருபது நிமிடத்தையும் அவள் கல்லுக்கே கொடுத்துவிட்டாள். நாலு நாளில் கண்ணாடி என்ன மாறிவிடப் போகிறது என்று, மோதலுக்குப் பிறகு அளந்த விண்மீன் கணக்கையே முந்திய இரவுகளுக்கும் போட்டுக்கொண்டாள். அண்ணன்மேல் பழிபோடக்கூட வழியில்லை.

"ஏம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அவ்வளவுதானே, மறுபடி அளந்துட்டா போச்சு."

"எதைண்ணே அளக்கறது? முன்னாடி இருந்த கல்லு இப்ப இல்லையே. அதைத்தான் இடிச்சாச்சே."

அவர் மோட்டாரை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு ஒரு தாளை இழுத்தார். "எதையும் தொடலைன்னே எழுதித் தர்றேன். நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும்?"

எழுதட்டும், தொலையட்டும் என்று ஒரு நிமிடம் முழுக்க நின்றாள். வெட்கமில்லாமல் அந்தத் தாளுக்கு ஆசைப்பட்டாள். ஆனால் நாளைக்குப் பூமியை நோக்கி ஒரு கல் வந்தால், அதை எப்படி இடிப்பது என்று யோசிப்பவர்கள் இந்த எண்ணைத்தான் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

"நடந்ததை நடந்தபடி எழுதுங்கண்ணே."

அவர் எழுதினார். பாதியில் நிமிர்ந்தார். "உனக்கு உதவியா இருக்கட்டும்னுதான் செஞ்சேன்னு ஒரு வரி சேத்துக்கவா?"

"சேத்துக்கங்க."

மேலே தன் அறைக்கு வந்தாள். அனுமதியில்லாமல் கண்ணாடியைத் தொட்டவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டுரையைச் சாகடிக்க அவர் கடிதம் தேவையே இல்லை; அவள் அளக்காமல் விட்ட விண்மீன் ஒன்றே போதும். தாளை நாலாகக் கிழித்துப் போட்டாள். முதல் மூன்று இரவுகளின் சோதனை அளவு எடுக்கப்படவில்லை, தவறு என்னுடையது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி அனுப்பினாள். மூன்று வருட உழைப்பைக் கலைக்க மூன்று வரிக்குமேல் ஆகவில்லை.

அனுப்பி முடிக்கவும் போன் அடித்தது. கணவன்.

"பூங்காவுக்குப் பக்கத்துல ஒரு வீடு பார்த்தேன். பாப்பாவுக்குத் தனியா ஒரு ரூம் இருக்கு. அவ இப்பவே எந்தச் சுவத்துல என்ன ஒட்டலாம்னு அளந்துட்டு நிக்கிறா. சரின்னு சொல்லிடவா?"

அவள் தான் அனுப்பிய மூன்று வரியைத் திரையில் மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நான் சொல்லிடறேன்" என்று அவன் போனை வைத்துவிட்டான்.