வீட்டுக்கு ஒருத்தர்

தேயிலைத் தோட்டத்தில் எந்தக் கூட்டமானாலும் வீட்டுக்கு ஒருத்தர் போனால் போதும். மரண உதவிச் சங்கம், சிரமதானம், திருவிழாக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான் சட்டம். புருஷன் போனால் என்ன, பெண்சாதி போனால் என்ன, வீட்டுப் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி விழுந்தால் சரி. குடியை விட நினைப்பவர்களுக்கு ஹட்டனில் ஞாயிறு இரண்டு மணிக்குக் கூட்டம் நடக்கிறது என்று டொக்டர் சொன்னபோது, நாகலெட்சுமி அதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

டொக்டர் சொன்னது அவள் புருஷன் செல்லசாமிக்கு. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தால் மலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. மலையை விட்டு இறங்கினால் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம். போன மாதம் இரத்தமாக வாந்தி எடுத்தான். "இன்னொரு தடவ இப்படி வந்தா, இங்க கொண்டுவந்தும் பிரயோசனம் இல்லம்மா" என்றார் டொக்டர். செல்லசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"குடிகாரப் பயலுக கூட்டத்துல எனக்கு என்னா வேல?" என்றான்.

ஆகவே அவள் போனாள்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒரு த்ரீவீல்காரரிடம், "அண்ணே, குடிகாரங்க கூடுற எடம் எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு எதிரே இருந்த பாரைக் காட்டினார்.

"அது இல்லைங்க. குடிய விட்டவங்க."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே தங்கச்சி."

மருந்துக்கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஒரு பொலிஸ்காரர், கசிப்புக் காய்ச்சுகிறவனைக் காட்டிக்கொடுக்க வந்தவள் என்று நினைத்து, சிங்களத்தில் அவள் பெயரை எழுதத் தொடங்கினார். அவரிடமிருந்து தப்பி மூச்சிரைக்க ஏறிய மேட்டில்தான் கோயில் நடத்தும் நேர்சரிப் பள்ளி இருந்தது. வாசலில் நின்றவரிடம் கேட்டாள்; கூட்டம் அதற்குள்தான். பெயர்ப்பலகை கிடையாது. வருகிறவர்களுக்கு வெட்கமாக இருக்குமாம். சாக்கடைக் கானில் விழுந்து கிடக்கும்போது வராத வெட்கம்!

உள்ளே ஆறு ஆண்கள் குழந்தைகளின் நாற்காலிகளில் முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிறவர் அந்தோனிமுத்து, பென்சன் வாங்கிய ரயில்வேக்காரர், குடியை விட்டுப் பதினொரு வருடம். ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொன்னார்கள். அவளுடைய முறை வந்தது. தன் பெயரைச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

"என் பேரு செல்லசாமிங்க. நான் குடிக்கிறவனுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்தோனிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "வாங்க செல்லசாமி" என்றார். மற்ற ஐவரும் அதையே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும், நடந்ததை நடந்தபடி புருஷனிடம் ஒப்பித்தாள்.

"இன்னிக்கி நீங்க கூட்டத்துல பேசுனீங்க. நம்ம மக ஷாமிலா பெரிய புள்ளயானப்ப, சடங்கு வீட்டு வாசல்ல விழுந்து கெடந்தீங்களே, அத சொன்னீங்க. அழுதுட்டீங்க."

"நானா? நான் எதுக்குடி அழுவேன்?"

"அழுதீங்க" என்றாள். அழுதது அவள்தான், ஆனால் அன்றைக்கு அவள் போனது அவன் பெயரில்.

மூன்றாம் ஞாயிறு அந்தோனிமுத்து கேட்டார்: "எதனால குடிக்க ஆரம்பிச்சீங்க செல்லசாமி?"

வீட்டில் அவள் சட்டியைத் தூக்கி எறிந்துகொண்டே இதே கேள்வியை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தடவையாவது பதிலுக்காகக் கேட்டதில்லை.

"தெரியலைங்க. கேட்டுக்கிட்டு வந்து சொல்றேன்."

அன்று இரவு ரொட்டியையும் பிளேன்டீயையும் அவன் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள். "எதனால ஆரம்பிச்சீங்கன்னு கேக்குறாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்?" திட்டாமல் கேட்டதால் அவனுக்குத் திட்டத் தெரியவில்லை. ரொட்டியைத் தொடாமலே எழுந்து போனான். அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. தொடக்கூடாததைத் தொட்டுவிட்டோமோ என்று அவள் பயந்துபோனாள். ஞாயிறு காலை அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்தான்.

"நீ தப்புத்தப்பா சொல்லிப்புடுவ. நானே வாறேன்."

நேர்சரியில் அவளுடைய நாற்காலியில் அவன் உட்கார, அவள் சுவரோரம் நின்றாள். அவன் முறை வந்ததும் எழுந்தான்.

"என் பேரு செல்லசாமி."

ஆறு பேரும் அவனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். "வாங்க செல்லசாமி" என்றார்கள், முதல் தடவை சொல்வதைப் போலவே.

"இவள கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க. இவ இருந்தா வாயில வராது."

பத்தொன்பது வருடமாகக் கண்ட கண்ட இடங்களிலிருந்து அவனை வெளியே இழுத்து வந்தவள் அவள். இன்றைக்கு அவன் அவளை வெளியே அனுப்பினான். தூறலில் பிள்ளைகளின் சறுக்குமரத்து அடியில் உட்கார்ந்தாள். அவன் குரல் கேட்டது, சொல் கேட்கவில்லை. இரண்டு எட்டு நகர்ந்தால் கேட்டிருக்கும். நகரவில்லை. பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தோட்டத்துக்குப் போகும் மூன்றரை மணி பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போயிற்று. போனால் போகட்டும்.

அவன் கண் சிவந்து வெளியே வந்தான். பழக்கதோஷம், அவள் மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள். இஞ்சிப் பிளேன்டீ வாசம்.

"அழுதீங்களா?"

"அதான் நீ மொத வாரமே சொல்லிட்டியே."

மேட்டை விட்டு இறங்கும்போது, முன்னால் நடந்தவன் திரும்பாமலே சொன்னான்.

"அடுத்த ஞாயிறு நீ வர வேணாம் புள்ள. வீட்டுக்கு ஒருத்தர் போதும்."