இராக்கம்மாவின் பானைக்குப் பின்னால்

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என் மனுஷன் ஹுமைத் ஓடி நான் பார்த்ததில்லை. அப்புத்தளைப் பொலிஸில் ரிசர்வ் கான்ஸ்டபிள். ரயிலே இவருக்காகக் கொஞ்சம் நின்று போகும் என்று நினைக்கிற நடை. அப்படிப்பட்டவர் அன்று விடியற்காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கென்வஸ் சப்பாத்துக்குள் காலை நுழைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

புதுச் சட்டம் வந்திருந்தது. பயிற்சி இல்லாமல் சேர்ந்தவர்கள் எல்லாரும் இனிப் பயிற்சிக் கல்லூரிக்குப் போயே ஆக வேண்டும். அதற்கு முதல் இங்கேயே ஒரு மைல் ஓடிக் காட்ட வேண்டும். நேரத்துக்குள் முடிக்காதவர் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டில் குந்தலாம்.

"இந்த உடுப்பு இல்லாட்டி நான் யாரு, ஸவாஹிரா?"

"மொதல்ல வயித்த இறுக்கிக் கட்டுங்க. மத்தத அல்லாஹ் பாத்துக்குவான்" என்றேன். வாய்தான் சொன்னது. எனக்கும் பயம்தான்.

முதல் நாளே வம்பு. தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இவர் ஓடிவருவதை லயத்து வீடுகளில் இருக்கிற சனம் பார்த்துவிட்டது. பொலிஸ்காரன் ஓடினால் கள்ளச் சாராயம், கசிப்புப் பிடிக்கத்தானே ஓடுவான்? லயத்துக்கு லயம் சத்தம் பறந்து, காய்ச்சி வைத்ததெல்லாம் சாக்கடைக் கானுக்குள் போனது.

மத்தியானம் இராக்கம்மா வாசலில் வந்து நின்றாள். கசிப்புக் காய்ச்சி விற்கிறவள், இவர் கையில் ஒரு நாளும் அகப்படாதவள். அவளைத் துரத்திப் போய், வளைவில் கோட்டைவிட்டு, சேற்றுக் காலோடு வந்து என்னிடம் இவர் வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை.

"ஐயா சும்மா ஓடுறதா இருந்தா சொல்லிட்டு ஓடச் சொல்லுங்கம்மா. தீவாளிக்குன்னு காய்ச்சுனது அம்புட்டும் போச்சு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டத்தைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றதும் அவள் முகம் வாடிவிட்டது.

"இவரு பொம்பளைய கைநீட்டி அடிக்க மாட்டாரும்மா. அடுத்து வாறவன் எப்பிடியோ."

சோதனை நாள். இன்ஸ்பெக்டர் மைல் முடிகிற பாலத்தடியில் கடிகாரத்தோடு நின்றார். நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வளைவில் நின்றேன். பாதி வழியிலேயே இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பாவம், முகமெல்லாம் சிவந்து, வாயால் மூச்சு வாங்கினார்.

அப்போது தேயிலைக்குள்ளிருந்து இராக்கம்மா ரோட்டில் குதித்தாள். தலையில் பானை. இவரைத் திரும்பிப் பார்த்து, பானையை விரலால் தட்டிக் காட்டினாள்.

என் மனுஷன் இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"இராக்கம்மா, நில்லு!"

அவள் நிற்பாளா? அவள் முன்னால், இவர் பின்னால், என்னைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வளைவைக் கடந்து பனிமூட்டத்துக்குள் ஓடினார்கள்.

ரோடு நெடுகப் பானை தளும்பிய ஈரம். குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். வெறும் தண்ணீர். பாலத்துப் பக்கமிருந்து சப்பாத்துச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.